தோலும் காலும்

கல்லூரி ஆண்டு மலர்களில் கால்பந்தின் ‘மரபு’ எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகிறது: கோப்பைகள், கேப்டன்கள், கைகட்டி நிற்கும் குழுப் புகைப்படம். பந்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. அது எதனால் ஆனது, யார் தைத்தது என்கிற கேள்விகளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் மரபு என்னும் சொல்லாடலே தொடங்குகிறது.

நம் பாளையங்கோட்டையில் கல்லூரி கட்டிய அதே சி.எம்.எஸ். மிஷன் ஸ்ரீநகரில் ஒரு பள்ளி நடத்தியது. 1891இல் அங்கே டின்டேல்-பிஸ்கோ ஒரு தோல்பந்தைக் கொண்டு வந்தார். பிராமண மாணவர்கள் தொட மறுத்தார்கள். தோல் தீட்டு. ஆசிரியர்களைக் கம்போடு நிறுத்தி ஆட வைத்தார் அவர். முகத்தில் பந்து பட்ட ஒருவன் தீட்டாகிவிட்டதென்று அழுதான். கழுவி அழைத்து வரச் சொன்னார், ஆட்டம் தொடர்ந்தது.

இதைக் காலனிய வன்முறை என்று மட்டும் வாசிப்பது வசதியானது. சாதி ஒழிப்பு என்று கொண்டாடுவது அதைவிட வசதியானது. கம்பு, பந்தைத் தொட வைத்தது. பந்தைத் தைத்த கையைத் தொட வைத்ததா? தோல் சுத்தமாகிவிட்டது, தோலைப் பதனிட்டவர் தீட்டாகவே இருந்தார்.

இன்னொரு பிரதி. 1911 ஜூலை 29, கல்கத்தா. மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்றது. பதினொருவரில் பத்துப் பேருக்கு வெறுங்கால். பூட்ஸ் போட்டவர் ஒருவரே: கிறிஸ்தவரும் கல்லூரி ஆசிரியருமான சுதிர் சாட்டர்ஜி. வெறுங்கால் தேசியத்தின் பெருங்கதையாடலில் ஏறிவிட்டது. சரி. ஆனால் நம்ம தெற்குச் சீமையில, ஊர்த் தெருவுக்குள்ள செருப்பைக் கையில் தூக்கிட்டுப் போகச் சொல்லப்பட்ட கால்களுக்கு அதில் என்ன பெருமை? போடவும் கழற்றவும் உரிமை உள்ளவனுக்குத்தான் வெறுங்கால் குறியீடு. மற்றவனுக்கு அது கட்டளை.

1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் தோலில்லாத, முழுக்கச் செயற்கையான பந்து வந்தது. தோல் போயிருச்சு, தீட்டு போகல. சங்கரன்கோவில் வட்டாரத்துல டோர்னமெண்ட் நோட்டீஸை வாங்கிப் பாருங்க. டீம் பேரை வச்சே தெருவைச் சொல்லிடலாம்.

கல்லூரிக் கால்பந்தின் வரலாறு எழுத உட்காரும் நண்பர்கள் கோப்பை அலமாரியை அப்புறம் திறக்கட்டும். பந்தை எவன் தச்சான், எவனை மைதானத்துக்குள்ள விடல? இதைக் கேட்காத வரலாறு வெறும் புகைப்படம். அதில் யாரோ கைகட்டி நிற்கிறார்கள், அவ்வளவுதான்.