கேடிலாக் சிடிஎஸ்-வி: ஆக்சில் தண்டும் டிஃபரென்ஷியல் மவுன்ட்டும்

கேடிலாக் சிடிஎஸ்-வி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2004 மாடலாக அமெரிக்காவில் வெளியிட்ட பின்சக்கர இயக்கச் செடான் கார். கார்வெட்டிலிருந்து எடுத்த 5.7 லிட்டர் வி8 எஞ்சின் 400 குதிரைத்திறன் தந்தது. எஞ்சின் பாராட்டப்பட்டது; பழி முழுவதும் பின்பக்கத்துக்குப் போனது. நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரங்கள் தத்தித் துள்ளின. டிஃபரென்ஷியல்கள் உடைந்தன.

இத்துள்ளல் 'வீல் ஹாப்' எனப்படுகிறது. டயர் சாலையைப் பற்றும்போது ஆக்சில் தண்டு சுருள்வில் போல முறுகும். பிடி விட்டதும் முறுக்கு அவிழும், டயர் மீண்டும் பற்றும். ஒரு நொடியில் இது பல முறை நிகழும். மென்மையான ரப்பர் மவுன்ட்டில் அமர்ந்த டிஃபரென்ஷியலும் சேர்ந்து ஆடும்போது ஒவ்வொரு பற்றுதலும் ஒரு சுத்தியல் அடியாகிறது. உடைப்பது எஞ்சினின் திறன் மட்டுமல்ல, இந்த அடியும்தான்.

உதிரிபாகச் சந்தை இதற்குத் தந்த மருந்து ஒன்றே: எல்லாவற்றையும் தடியாக்கு, இறுக்கு. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுவது நியாயமானது; நோயின் ஒரு பாதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் கெட்டி அலுமினிய மவுன்ட் வரை போகும்போது அதிர்வை வாங்க இடமே இருப்பதில்லை. அடி பல்சக்கரத்துக்கும் சப்ஃபிரேமுக்கும் நேராகப் போகிறது. பல்சக்கர இரைச்சல் காருக்குள் கேட்பது தனி வரவு.

2009இல் வந்த இரண்டாம் தலைமுறையில் சுமை இன்னும் கூடியது: 556 குதிரைத்திறன், 747 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதல் கியர் 2.66, இறுதி விகிதம் 3.73. டயர் வழுக்காவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டில் சுமார் 2,000, இரு ஆக்சில்களிலும் சேர்த்து சுமார் 7,400 நியூட்டன் மீட்டர். அதே அளவு எதிர்விசை டிஃபரென்ஷியலின் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தடுப்பவை மவுன்ட்டுகள் மட்டுமே. இதற்கு நிறுவனம் கண்ட வழி இரு ஆக்சில் தண்டுகளையும் வெவ்வேறு தடிமனில் செய்வது: ஒன்று 55 மில்லிமீட்டர், மற்றது 35. இரண்டும் ஒரே தாளத்தில் முறுகி அவிழாததால் துள்ளல் வலுப்பெறுவதில்லை. முதல் காரில் விட்டதை இங்கே சிந்தித்துச் செய்திருக்கிறார்கள்.

'மேம்பாடு' என்ற பெயரில் இருபுறமும் ஒரே தடிமனான தண்டுகளைப் பூட்டினால் இந்த ஏற்பாடு அழிந்துவிடும். உறுதி வேறு, விறைப்பு வேறு என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. எஃகு வகை எதுவானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. உறுதிதான் பெரிதும் மாறும். ஆகவே பழைய அளவுகளிலேயே 300எம் போன்ற உயர்ந்த எஃகில் செய்த தண்டுகள், துள்ளலைத் திரும்ப அழைக்காமல் கூடுதல் சுமை தாங்கும்.

நடுவிலுள்ள டிரைவ் ஷாஃப்ட்டிலும் இதே அவசரம் தெரிகிறது. இரண்டு துண்டாக, நடுவே பேரிங்குடன் வந்ததை ஒரே துண்டாக மாற்றுவது வழக்கம். நீளம் கூடக்கூடத் தண்டு சாட்டைபோல் வளைந்து அதிரத் தொடங்கும் சுழல்வேகம் வெகுவாகக் குறையும். பெரிய விட்டமுள்ள அலுமினியக் குழாய் அதை ஓரளவு ஈடுசெய்யும், கார்பன் இழை நன்றாகவே ஈடுசெய்யும். நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கு ஏற்ற தண்டு, காரின் உச்சவேகத்தில் நெடுஞ்சாலையில் பாதுகாப்பானதா என்பதற்குக் குதிரைத்திறன் எண்ணில் பதில் இல்லை. தண்டு அறுந்தால் தரையில் விழாமல் தாங்கும் இரும்பு வளையம், இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான பொருள்.