ரெட் அண்ட் ஃபாலோ

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா 3 தங்கம் வென்றார்: தனிநபர், இரட்டையர், குழு. செய்திகளில் அவர் ‘ஆட்டோ ஓட்டுநரின் மகள்’. 2008இல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியனான வியாசர்பாடி இளவழகியும் ‘மீன்பாடி வண்டி ஓட்டுபவரின் மகள்’ என்றே நமக்கு அறிமுகமானார். இடையில் 16 ஆண்டுகள். தலைப்பு மட்டும் மாறவில்லை.

நான் குற்றாலத்தில் கல்லூரிப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள். காசிமா எப்படி ஆடுவார் என்று வகுப்பில் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. அப்பாவின் தொழில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் படித்த செய்திகளில் ஸ்ட்ரைக்கரும் இல்லை, விரலும் இல்லை. கிரிக்கெட் வீரரின் ஒரு கவர் டிரைவைப் பத்தி பத்தியாக எழுதத் தெரிந்த மொழிதான் இது.

பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிட்டு இலக்கில் நிறுத்தும் கர்லிங்கில், ஸ்வீடனின் அனெட் நார்பெர்க் 2006, 2010 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தன் அணியைத் தங்கத்துக்கு நடத்தினார். கேரமும் அதே கணக்கும் கைப்பதமும் கேட்கும் ஆட்டம்தான். ஆனால் அதற்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆட்டத்துக்கே மதிப்புக் குறைவு என்றால், ஆடுகிற பெண்ணின் திறமையை யார் விளக்கப்போகிறார்கள்? வறுமையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஆனாலும் அந்தத் தலைப்பை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். தன்னையறியாமல் அது ஓர் உண்மையைச் சொல்கிறது. காசிமாவுக்குப் பயிற்சி தந்தவரே அவர் தந்தைதான். எங்கள் தென்காசிப் பக்கம் மன்றங்களில் போர்டைச் சுற்றி நிற்பவர்கள் ஆண்கள். பையனுக்குத் தெருவே பயிற்சிக்கூடம்; பெண்ணுக்கு அப்பாவோ அண்ணனோ மனம் வைக்க வேண்டும். ‘இன்னாரின் மகள்’ என்பது, அவளுக்கு வேறு வாசல் இல்லை என்பதற்கான சாட்சி. மனம் வைக்காத அப்பாக்களின் மகள்கள் செய்தியில் வருவதே இல்லை.

கேரமில் ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்து தன் காய் ஒன்றையும் போட வேண்டும். தவறினால் ரெட் மறுபடி போர்டின் நடுவுக்கே வந்துவிடும். தமிழக அரசு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. நல்லது, அது ரெட். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் போய் உட்கார்ந்து ஆட, ஊருக்கு ஒரு போர்டு வேண்டும். அதுதான் ஃபாலோ.