ஒரு மூப்பரின் இரு மரணங்கள்: பர்ன்ஸின் ஜெபக் கவிதையும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

0. முன்னுரை

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759-1796) 1785-இல் இயற்றிய 'ஹோலி வில்லீஸ் பிரேயர்' என்னும் அங்கதக் கவிதை, சிற்றூர்ச் சபை மூப்பர் ஒருவர் தனிமையில் செய்யும் ஜெபமாக அமைந்தது. அதில் பேசுபவர் வெறும் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஏர்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த மாக்லின் ஊரில் வாழ்ந்த வில்லியம் ஃபிஷர் (1737-1809) என்னும் உழவரே அவர். அதே காலத்தில் பர்ன்ஸ் அம்மூப்பருக்குக் கல்லறை வாசகம் ஒன்றையும் பாடினார். ஃபிஷர் அப்போது உயிருடன் இருந்தார்; அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். பாடிய கவிஞரோ அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே மறைந்தார். இலக்கியத்தில் நேர்ந்த மரணம் ஒன்று, மெய்யாக நேர்ந்த மரணம் ஒன்று என ஃபிஷருக்கு இரு மரணங்கள் உண்டு. முன்னது உலகறிந்தது, பின்னது அடிக்குறிப்பில் மட்டும் இடம்பெறுவது.

இக்கவிதையின் அங்கதம் மூப்பரின் செயல்களைக் காட்டிலும் அவருடைய மொழிநடையிலேயே தங்கியுள்ளது என்பதையும், அந்நடையை மொழிபெயர்ப்பாளர் தவறாக மதிப்பிடுவாராயின் கவிதை சிதைவதோடு ஒரு மனிதரின் நற்பெயரும் ஆதாரமின்றிச் சிதையும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. மூப்பர் என்னும் சொல்

பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை தன் பெயரையே மூப்பர் என்னும் பதவியிலிருந்து பெற்றது. மூலமான கிரேக்கச் சொல் வயதில் மூத்தவரைக் குறித்துப் பின்னர்ப் பதவிப் பெயராயிற்று. தமிழ் விவிலியம் அச்சொல்லை 'மூப்பர்' எனவும், கண்காணிப்புப் பொருள்தரும் பிறிதொரு சொல்லைக் 'கண்காணி' எனவும் பெயர்த்துள்ளது. ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல் ஆயத்தமாகவே உள்ளது. எனினும் இச்சொல் தமிழில் சில சமூகத்தாரின் பட்டப்பெயராகவும் ஊர்த்தலைமையைக் குறிக்கும் பெயராகவும் வழங்குவதால், முதல் ஆட்சியிலேனும் 'சபை மூப்பர்' என அடைகொடுத்து வழங்குவது நலம். 'உபதேசியார்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. உபதேசியார் திருச்சபையிடம் ஊதியம் பெற்றுக் கற்பிப்பவர். ஸ்காட்லாந்துச் சபை மூப்பரோ தம் தொழிலைச் செய்துகொண்டே சபையை ஆளும் பொறுப்பை ஏற்பவர்.

ஊர்ச் சபையின் போதகரும் மூப்பர்களும் கூடிய அமைப்பைச் சபை மன்றம் எனலாம். ஓய்வுநாளை மீறுதல், குடிவெறி, மணவுறவுக்குப் புறம்பான உறவு ஆகியவற்றை விசாரித்துச் சபையார்முன் கண்டித்தல் அதன் கடமை. காணிக்கைப் பணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு உதவி வழங்கும் பொறுப்பும் அதனிடமே இருந்தது. அதற்கு மேல் வட்டார மன்றமும், அதற்கும் மேல் மாமன்றமும் மேல்முறையீட்டு அமைப்புகளாக இயங்கின. மாண்ட்கார்ஸ்வுட் என்னும் பண்ணையைச் சேர்ந்த உழவர் குடும்பத்தில் பிறந்த ஃபிஷர், 1772-இல் மாக்லின் சபையின் மூப்பரானார். 1742 முதல் 1791 வரை அங்குப் போதகராக இருந்தவர் வில்லியம் ஆல்ட்.

2. கவிதை பிறந்த வழக்கு

கேவின் ஹாமில்ட்டன் மாக்லினில் வாழ்ந்த வழக்குரைஞர். மாஸ்கில் பண்ணையைப் பர்ன்ஸ் குடும்பத்தாருக்குக் குத்தகைக்கு விட்டவர். 1784-இல் சபை மன்றம் அவர்மீது நடவடிக்கை தொடங்கியது. ஆராதனைக்கு ஒழுங்காக வருவதில்லை, ஓய்வுநாளில் பயணம் செய்தார், இல்ல வழிபாட்டைப் புறக்கணித்தார் என்பன குற்றச்சாட்டுகள். ஹாமில்ட்டன் ஏர் வட்டார மன்றத்திடம் முறையிட்டார். அவருக்காக வாதாடியவர் ராபர்ட் எய்கன். 1785 சனவரியில் தீர்ப்பு ஹாமில்ட்டனுக்குச் சாதகமாயிற்று; மாமன்றமும் அதனையே உறுதிசெய்தது.

தோற்ற தரப்பின் மூப்பர் வீடு திரும்பிக் கடவுளிடம் முறையிடுவதாகப் பர்ன்ஸ் கவிதையை அமைத்தார். அது கையெழுத்துப் படிகளாகவே பரவியது. 1786-இல் வெளிவந்த கில்மார்நாக் பதிப்பிலும் 1787-இன் எடின்பரோப் பதிப்பிலும் அதற்கு இடமில்லை. 1789-இல் ஆசிரியர் பெயரின்றிச் சிறு நூலாக அச்சேறியது. சபை மன்றத்தாரை அது திடுக்குறச் செய்தது என்பதைப் பர்ன்ஸ் தம் தன்வரலாற்றுக் கடிதத்தில் (1787) மகிழ்ச்சியோடு குறிப்பிட்டுள்ளார்.

3. ஜெபத்தின் மொழியமைப்பு

1560-இன் சமயச் சீர்திருத்தத்திற்குப்பின் ஸ்காட்லாந்து மக்கள் தம் தாய்மொழியான ஸ்காட்ஸில் விவிலியத்தைப் பெறவில்லை; ஆங்கில விவிலியமே ஆலயங்களில் வாசிக்கப்பெற்றது. கிரேக்க மூலத்திலிருந்து டபிள்யூ. எல். லோரிமர் பெயர்த்த ஸ்காட்ஸ் புதிய ஏற்பாடு 1983-இல்தான் வெளிவந்தது. ஆகவே ஃபிஷர் போன்றோருக்கு மறுமையைப் பேசும் மொழி ஒன்று, மாட்டையும் மண்ணையும் பேசும் மொழி மற்றொன்று. இந்நிலை தமிழின் இரட்டை வழக்கை ஒத்தது.

கவிதை இவ்விரண்டையும் ஒரே வேண்டுதலுக்குள் வைக்கிறது. அழைப்பு, புகழ்ச்சி, நன்றி, பாவ அறிக்கை, விண்ணப்பம், ஆமென் என்னும் ஜெபக் கூறுகள் ஒன்றும் குறையாமல் அமைந்துள்ளன. கடவுள் தம் விருப்பப்படி ஒருவரை வீட்டுக்கும் பத்துப்பேரை நரகத்துக்கும் அனுப்புவதைப் புகழும் தொடக்கப் பகுதியில் விவிலிய ஆங்கிலம் மிகுதி. தம் காமக் குற்றங்களை அறிக்கையிடும் பகுதியில் ஸ்காட்ஸ் புகுகிறது. ஆயினும் அங்கும், தமக்கு நேர்ந்த சோதனையைப் பவுலின் உடலில் தைத்த முள்ளோடு ஒப்பிட்டு, மூப்பர் மீண்டும் விவிலிய நடைக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். ஹாமில்ட்டனின் தோட்டத்துக் கீரையையும் உருளைக்கிழங்கையும் சபிக்குமாறு கேட்கும்போது பேச்சுமொழி மேலோங்குகிறது. நடை இறங்கும் இடமெல்லாம் மனிதர் வெளிப்படுகிறார். அது ஏறும் இடமெல்லாம் அவர் ஒளிந்துகொள்கிறார்.

இங்குக் கருதத்தக்கது யாதெனின், மூப்பர் ஓரிடத்தும் பொய் சொல்வதில்லை. குடித்ததையும் பெண்களோடு கூடியதையும் அவரே சொல்கிறார். முன்குறிக்கப்பட்டவர் எதனாலும் வீட்டை இழப்பதில்லை என்னும் கோட்பாட்டை அவர் முழுமையாக நம்புகிறார். அந்நம்பிக்கையால், தாம் சொல்வது பிறர் காதில் எவ்வாறு விழும் என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. இது தமிழ் மரபின் நிந்தாஸ்துதிக்கு நேர்மாறான அமைப்பு. நிந்தாஸ்துதியில் பழிப்பின் உள்ளே புகழ் இருக்கும். இங்குக் கடவுட் புகழ்ச்சியே புகழ்பவரின் பழிப்பாக முடிகிறது.

யாப்பும் இதற்குத் துணைசெய்கிறது. ஆறடிச் செய்யுளில் முதல் மூன்று அடிகளும் ஐந்தாம் அடியும் நாற்சீர் அளவில் நடக்க, நான்காம் அடியும் ஆறாம் அடியும் இருசீர் அளவில் குறுகும். தமிழ் யாப்பில் அளவடியையும் குறளடியையும் இவ்வாறு மாற்றியமைப்பது இயலும். 17-ஆம் நூற்றாண்டில் ஹாபி சிம்சன் என்னும் குழலிசைஞரின் மறைவைப் பாடிய வேடிக்கை இரங்கற்பாவால் புகழ்பெற்ற வடிவம் இது. இறந்தவரைப் பாடிப் பழகிய யாப்பில் உயிரோடிருப்பவரைப் பேசவைத்தமை எண்ணத்தக்கது.

4. தமிழாக்கச் சிக்கல்கள்

தலைப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'ஹோலி' என்பது ஆலயச் சொல். 'வில்லி' என்பது தெருவில் கூப்பிடும் சுருக்கப்பெயர். 'புனித வில்லியின் செபம்' எனின் கத்தோலிக்கச் சாயல் ஏறும். சீர்திருத்தச் சபைத் தமிழில் 'பரிசுத்த', 'ஜெபம்' என்பனவே வழக்கு. அவ்வாறே 'அருள்' எனாது 'கிருபை' எனவும், உடலைக் குறிக்க 'மாம்சம்' எனவும், 'தேர்ந்தெடுக்கப்பட்டோர்' எனாது 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' எனவும் ஆளுதல் வேண்டும். தனித்தமிழ்ச் சொற்களால் இவற்றை மாற்றினால் மொழி செம்மையுறும். ஆனால் மூப்பர் ஒளிந்துகொள்ளும் திரை கிழிந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் ஸ்காட்ஸ் பகுதிகளுக்கு எந்தப் பேச்சுவழக்கை ஆள்வது என்பது. கல்லாதார் பேச்சாக அதனைப் பெயர்ப்பது பெரும்பிழை. பர்ன்ஸ் காலத்து ஏர்ஷயரில் உழவர் மட்டுமன்றி வழக்குரைஞரும் போதகரும் ஸ்காட்ஸைப் பேசினர். தமிழ் வட்டார வழக்குகளிலோ சாதி அடையாளம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். மூலத்தில் இல்லாத இழிவு மூப்பர்மேல் ஏறிவிடும். சொற்களைத் திரிப்பதைவிட வேளாண்மைச் சொற்களையும் வீட்டுப் புழக்கச் சொற்களையும் இயல்பான பேச்சுத் தொடரமைப்பில் அமைப்பதே தக்கது.

ஓரிடத்தில் தமிழ் மூலத்தைவிடவும் வசதி தருகிறது. ஜெபத் தமிழ் கடவுளை 'நீர்' என விளிக்கும். திருநெல்வேலிப் பகுதிப் பேச்சிலோ, ஒத்த மதிப்புடையவரை நோக்கியும் 'நீர்', 'வாரும்', 'சொல்லும்' என்னும் வடிவங்கள் வழங்குகின்றன. எனவே விளியை மாற்றாமலே வழிபாட்டு நடையிலிருந்து திண்ணைப் பேச்சுக்கு இறங்க முடியும். மூப்பர் கடவுளைத் தம் பக்கத்து வீட்டாராகப் பாவித்துக் கோள் சொல்லத் தொடங்கும் கணத்தை இவ்வொரு பிரதிப்பெயரே காட்டிவிடும்.

கவிதையின் இறுதி விண்ணப்பத்தில் இறையருளைக் குறிக்கும் சொல்லும் உடைமையைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல்லும் ஒரே முதலொலியால் இணைக்கப்பட்டுள்ளன. 'அருளும் பொருளும்' என்பது தமிழில் உடனே தோன்றும் இணை. ஆயின் குறள் மரபால் அதற்கு உயர்வு ஏற்பட்டுவிட்டது. 'கிருபையும் கிடங்கும்' என்றால் மோனையும் அமையும். ஆலயத்திலிருந்து தானியக் கிடங்குக்கு மனம் தாவும் வேகமும் அமையும்.

5. ஆவணமும் கவிதையும்

ஃபிஷர் தம் தரப்பை எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றிப் பரவலாக அறியப்படுவன பெரும்பாலும் பகைவரின் பார்வையில் எழுந்தவை. பர்ன்ஸ் 1789-இல் இயற்றிய வேறொரு அங்கதக் கவிதை, ஏழைகளின் உதவிப்பணத்தை அவர் திருடியதாகக் குற்றஞ்சாட்டுகிறது. இக்குற்றச்சாட்டு ஆவணச் சான்றால் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் குறிப்புரைகளில் அது வரலாற்றுச் செய்தியாகவே திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. பாலியல் குற்றங்கள் பற்றிய பகுதிக்கும் கவிதையே சான்றாகக் காட்டப்படுகிறது. கவிதையை வாழ்க்கைக்குச் சான்றாகவும், அவ்வாழ்க்கையைக் கவிதைக்கு விளக்கமாகவும் காட்டுவது வட்டவாதம் ஆகும்.

ஐயத்திற்கிடமற்ற செய்தி வேறொன்று உண்டு. 1790-இல் குடிவெறிக்காக ஃபிஷரைப் போதகர் ஆல்ட் கண்டித்தார். இதனைக் கவிதையின் தீர்ப்புக்கு உறுதியாகக் கொள்வாருளர். இதற்கு மறுபக்கமும் உண்டு. 1786-இல் ஜீன் ஆர்மரோடு கொண்ட உறவுக்காகப் பர்ன்ஸைச் சபையார்முன் நிறுத்திக் கண்டித்தவரும் இதே ஆல்ட்தான். மூப்பர் என்பதற்காக ஃபிஷர் விடுபடவில்லை. கவிதையில் வரும் வில்லி தம்மைச் சட்டத்திற்கு அப்பாற்பட்டவராகக் கருதுகிறார். மெய்யான வில்லியமோ அச்சட்டத்திற்கு உட்பட்டார். பாத்திரமும் மனிதரும் பிரியும் இடம் இதுவே.

1809 பிப்ரவரியில், பனிப்புயலின்போது, மாக்லினுக்கு அருகே சாலையோரப் பள்ளம் ஒன்றில் ஃபிஷர் இறந்து கிடந்தார். அவருக்கு அகவை ஏறத்தாழ 72. அவர் குடித்திருந்தார் எனக் கதை சொல்வோர் உண்டு. கொடும்பனியில் முதியவர் ஒருவர் வழியில் வீழ்ந்து இறப்பதற்குக் குடி தேவையில்லை. ஆயினும், அவ்வான்மா நரகவழி சென்றதாக 1785-இலேயே கல்லறை வாசகம் எழுதப்பட்டுவிட்டமையால், பின்னர் நேர்ந்த மரணமும் அதற்கு ஏற்பவே வாசிக்கப்பட்டது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்கன மூன்று. ஒன்று, மூப்பரைத் தமிழ் வாசகர் நன்கறிந்த போலிச் சாமியாராக ஆக்கலாகாது. போலி பிறரை ஏமாற்றுபவர். வில்லி ஏமாற்றுவது தம்மையே. அவருடைய ஜெபம் உண்மையான ஜெபமாக ஒலித்தால்தான், தெரிந்துகொள்ளப்பட்டோம் என்னும் உறுதி மனிதரை எங்குக் கொண்டுசெல்லும் என்னும் கவிதையின் வினா நிற்கும். இரண்டு, நகைச்சுவையைச் சொற்களை மிகைப்படுத்தித் தேடாமல் நடைமாற்றத்தில் தேடவேண்டும். மூன்று, குறிப்புரையில் கவிதை கூறுவதையும் பதிவேடு கூறுவதையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும்.

இவற்றுள் மூன்றாவது, இலக்கியத் திறனைவிட நேர்மையைச் சார்ந்தது. மூலக் கவிஞருக்கு ஃபிஷர் எதிராளி. தம் நண்பருக்கு இழைக்கப்பட்டதாகக் கருதிய கொடுமைக்கு அவர் கவிதையால் விடையளித்தார். தமிழில் பெயர்ப்பவருக்கு அத்தகைய வழக்கு ஏதுமில்லை. ஆகவே கவிதையின் கூர்மையை முழுமையாகத் தருவதும், அக்கூர்மைக்கு இலக்கான உழவரின் வாழ்க்கை வரலாற்றை அளவறிந்து எழுதுவதும் அவருக்கு ஒருங்கே இயலும்.