தணிகை மலையின் மூன்று பாட்டுகள்: கண்டெடுத்தலும் பகிர்தலும் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அதிகம் அறியப்படாத பாட்டைக் கண்டெடுத்துப் பலருக்கும் கொண்டுசேர்ப்பது தமிழியலில் தொண்டாகப் போற்றப்படுகிறது. அவ்வாறு கொண்டுசேர்க்கும்போது பாட்டோடு எவை உடன்செல்கின்றன, எவை பின்தங்குகின்றன என்பது தனியே ஆராயத்தக்கது. திருத்தணி மலையைச் சார்ந்த கீர்த்தனை, திருப்புகழ், காவடிப் பம்பைப் பாட்டு ஆகிய மூன்றும், அடுத்துள்ள அரக்கோணத்தைச் சேர்ந்த சுயாதீன இசைக்கலைஞர் அறிவின் பாடலும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. பாடியவரின் பெயர் இல்லாத சேகரிப்பு முழுமை பெறாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: திருத்தணி, திருப்புகழ்ப் பதிப்பு, பம்பை, நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பு, சுயாதீன இசை

முன்னுரை

ஒரு பாட்டைக் ‘கண்டெடுத்தேன்’ என்று சொல்பவர், அதற்கு முன் அப்பாட்டு எங்கோ காணாமற் கிடந்தது என்று கருதுகிறார். ஆயின் அதைப் பாடிக்கொண்டிருந்தவருக்கு அது ஒருநாளும் காணாமற் போனதில்லை. கேட்போர் வட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாட்டு இடம்பெயர்வதையே நாம் கண்டெடுத்தல் என்கிறோம். இவ்விடப்பெயர்வில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு வகையான மதிப்பு கிட்டியுள்ளது. இதனை ஒரே இடத்தில் வைத்துக் காண்பதற்குத் திருத்தணி ஏற்ற களமாகும். ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இம்மலையில் செவ்வியல் இசையும் பத்தி இலக்கியமும் சடங்கிசையும் அருகருகே ஒலித்து வந்துள்ளன. எனினும் அவை ஆவணப்பட்ட முறை ஒன்றுபோல் இல்லை.

கீர்த்தனை: சுரத்தோடு நிலைபெற்றது

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையாகிய ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்பதை மாயாமாளவகௌளை இராகத்தில் இத்தலத்தில் இயற்றினார் என்பது இசை வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. மாணாக்கர் வழியாக வாய்மொழியில் வந்த அவர் பாடல்களைச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ சுரக்குறிப்புடன் அச்சேற்றியது. இயற்றியவர் பெயர், இராகம், தாளம், கமகக் குறிகள் ஆகிய அனைத்தும் பாட்டோடு உடன்வந்தன. யாரிடமிருந்து யார் கற்றார் என்னும் வழிமுறையும் பேணப்பட்டது. ஒரு பாட்டு எவ்வளவு முழுமையாக ஆவணப்படக்கூடும் என்பதற்கு இதனை அளவுகோலாகக் கொள்ளலாம்.

திருப்புகழ்: சொல்லும் சந்தமும் மட்டும் வந்தவை

வ. த. சுப்பிரமணிய பிள்ளை நீதித்துறையில் முன்சீபாகப் பணியாற்றியவர். தணிகை முருகனிடம் பெரும்பத்தி கொண்டவர். சிதம்பரத்தில் ஒரு வழக்கின்போது தீட்சிதர்கள் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாடலைக் கேட்டதே அவரைத் தேடலில் இறக்கியது என்று கூறுவர். ஊர்தோறும் ஏட்டுச்சுவடி தேடி, பாடம் ஒப்பிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அவர் திருப்புகழின் முதற் பகுதியை அச்சிட்டார். அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. இன்று நம் கையில் உள்ளவை ஏறத்தாழ 1,300. அவை நமக்குக் கிடைத்ததில் இக்குடும்பத்தின் பங்கு பெரிது. அவருடைய மகனார் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883–1972) பாடல்களைத் தலவாரியாக நிறுத்தி, உரையும் ஆராய்ச்சியும் வழங்கினார். திருத்தணிக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன என்று இன்று நாம் எளிதாகச் சொல்ல முடிவது அந்த உழைப்பினால்தான்.

இத்தொண்டின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் இசை நோக்கில் ஒரு வினா எஞ்சுகிறது. ஏடுகளில் இருந்தவை சொற்களே. பாடலின் தலைப்பில் தரப்படும் சந்தக்குழிப்பு தாளத்தை மீட்க உதவிற்று. பண்ணை மீட்க உதவவில்லை. இன்று திருப்புகழ் மெட்டு என்று நாம் கேட்பவற்றில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் அமைந்தவை. தில்லியில் அ. சு. இராகவன் வகுத்த வழிபாட்டு முறையும், டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடிய ‘அருணகிரிநாதர்’ (1964) திரைப்படமும் அம்மெட்டுகளைப் பரப்பின.

அச்சுக்கு முன்பு இப்பாடல்கள் இசையின்றி இருந்தனவா? இல்லை என்பதற்கு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளின் வரலாறே சான்று. மைசூர் அரண்மனையில் சமையற்பணி புரிந்த அவர், பழனியில் தேவதாசி ஒருவர் திருப்புகழ் பாடி ஆடக் கேட்டு உருகியதாகக் கூறுவர். பின்னாளில் ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டித் தணிகையில் படிவிழாவைத் தொடங்கிவைத்தவர் அவரே. டிசம்பர் 31ஆம் நாள் 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அவ்விழாவுக்கு வித்திட்டது ஒரு பெண்ணின் குரல். அவர் பெயர் விழாவின் வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர் பாடிய மெட்டும் நமக்கு எட்டவில்லை. பதிப்பாசிரியரையும் பரப்பியவரையும் பெயர்சொல்லிப் போற்றும் வரலாறு, பாடியவரைத் ‘தேவதாசி ஒருவர்’ என்று கடந்துசெல்கிறது. சொல்லைத் தேடியவர்களின் பிழை என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. பாட்டு என்றால் சொல் என்று கருதிய அக்காலப் பதிப்பு நோக்கின் எல்லை இது.

காவடிப் பம்பைப் பாட்டு: இரு மொழிகளுக்கு இடையில் நழுவியது

ஆடிக் கிருத்திகையன்று தணிகை மலையில் மேலோங்கி ஒலிப்பது பம்பை. பூக்காவடி சுமந்து வருவோர் முன்னே பம்பையும் உடுக்கையும் சிலம்பும் முழங்க, ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர் அரோகரா முழக்கத்தால் ஏற்பர். வட தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்திலிருந்தும் வருவோர் ஒரே படிக்கட்டில் ஏறுவதால், தமிழும் தெலுங்கும் அங்கே கலந்து ஒலிக்கின்றன.

இப்பாட்டின் ஆவணநிலை முற்கூறிய இரண்டினும் தாழ்ந்தது. அதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, பம்பைப் பாட்டில் சொல் தனித்து நிற்பதில்லை. தாளம் விரையும்போது சொல் சுருங்கும். அருள் வந்து ஆடுபவரின் நிலைக்கேற்ப அடிகள் நீளும். இதனை எழுத்தில் மட்டும் பெயர்த்தால் எஞ்சுவது மிகச் சிறிது. இரண்டாவது, நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பு பெரும்பாலும் மொழியை அலகாகக் கொண்டு நடந்துள்ளது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கர் பரிந்துரையின் வழி 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டோடு இணைந்தது. நிலத்தின் எல்லை கோட்டால் தீர்ந்தது. பாட்டிற்கு அவ்வாறு கோடு கிழிக்க இயலாது. தமிழ்ப் பாடலைத் தேடிச் செல்பவர் தெலுங்கு அடி வருமிடத்தில் எழுதுகோலை நிறுத்துகிறார். தெலுங்குப் பாடலைத் தேடுபவருக்கு அம்மலை தமிழ்நாட்டில் உள்ளது.

நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் நூல் பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்பாகத் தந்தது. பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958) தமிழ் மூலத்தைத் தந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) ஒரு படி மேலே சென்று, பல பாடல்களின் கீழே உதவியவர், சேகரித்தவர், இடம் ஆகிய குறிப்புகளைச் சேர்த்தது. அச்சிறு குறிப்புகள் தமிழ் நாட்டாரியலில் ஓர் அறத்தைத் தொடங்கிவைத்தன. பாட்டு தானாக விளைவதில்லை, அதைக் கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பதை அவை ஒப்புக்கொண்டன.

அரக்கோணத்திலிருந்து ஒரு குரல்

பெயர் பற்றிய இவ்வினா அண்மைக் காலத்தில் மிகப் பெரிய அரங்கில் எழுந்தது. திருத்தணியை அடுத்த அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2018 சனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழி அறியப்பட்டவர். 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் அவரும் தீயும் பாடினர், சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். ஒப்பாரியின் சாயலும் மூதாதையர் நினைவும் கொண்ட அப்பாடலின் வேர், தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை என்று அறிவு கூறியுள்ளார். பாட்டுக்குள்ளேயே தம்மை அவருடைய பேரன் என்று அறிவித்துக்கொள்கிறார்.

திறனாய்வு நோக்கில் இது முக்கியமான உத்தி. தொகுப்பாசிரியர் அடிக்குறிப்பில் தர வேண்டிய ‘உதவியவர்’ பெயரை இங்குப் பாட்டே சுமந்துசெல்கிறது. மெட்டை விட்டு, சொல்லை மாற்றி, யார் எங்கே பகிர்ந்தாலும் அப்பெயரை எளிதில் நீக்க முடியாது. எனினும் பாட்டு உலகெங்கும் பரவிய பின், 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது விவாதமாயிற்று. 2022இல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அப்பாடல் அவரின்றி நிகழ்த்தப்பட்டதை அடுத்து, ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பது பற்றிக் கலைஞர்கள் மூவரும் தத்தம் விளக்கத்தைப் பொதுவெளியில் தந்தனர். அவ்விளக்கங்களுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பதிவு நிறுவனம், இசையமைப்பாளர், பாடகர், படப்பிடிப்பு எனத் தெளிவான வரையறைகள் உடைய இக்காலத்திலேயே மரபுப் பாட்டின் உரிமை இவ்வளவு சிக்கலாகுமெனில், பெயரே குறிக்கப்படாத பம்பைக்காரரின் நிலை என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

ஒரு மறுப்பும் விடையும்

நாட்டுப்புறப் பாட்டு சமூகத்தின் பொதுச்சொத்து. அதில் தனியொருவர் பெயரைத் தேடுவது அச்சுப் பண்பாட்டின் பழக்கம் என்று மறுப்போர் உண்டு. பாட்டின் தோற்றத்தைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. நிகழ்த்துதலைப் பொறுத்தவரை இது போதாது. மரபு பலருடையது ஆயினும், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட படிக்கட்டில், அடியை நீட்டியும் குறுக்கியும் பாடியவர் ஒருவரே. அவரது கலைத்திறனை ‘மரபு’ என்னும் சொல்லுக்குள் கரைத்துவிட்டுச் சேகரித்தவர் பெயரை மட்டும் தாங்கி வரும் கட்டுரை, பொதுச்சொத்து என்ற வாதத்தைத் தனக்குச் சாதகமாக மட்டுமே பயன்படுத்துகிறது.

முடிவுரை

தணிகை மலையின் கீர்த்தனை சுரத்தோடும் பெயரோடும் நிலைத்தது. திருப்புகழ் சொல்லோடும் சந்தத்தோடும் வந்து, பாடியவரை வழியில் விட்டது. பம்பைப் பாட்டு ஆண்டுதோறும் ஒலித்தும் ஆய்வேட்டின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இவ்வேறுபாடு பாட்டின் தரத்தால் நேர்ந்ததன்று. பாடியவரின் சமூக நிலையாலும் சேகரித்தவரின் நோக்காலும் நேர்ந்தது.

ஆகவே களப்பணி மேற்கொள்ளும் ஆய்வாளர் ஒவ்வொரு பாட்டோடும் ஐந்து குறிப்புகளைத் தருதல் வேண்டும்: பாடியவர் பெயர், அவர் ஒப்புதலுடன், கருவி வாசித்தவர் பெயர், இடமும் சடங்கும், ஒலித்த மொழி அல்லது மொழிகள், ஒலிப்பதிவு பேணப்படும் இடம். எல்லையோர ஊர்களில் தமிழறிஞரும் தெலுங்கறிஞரும் சேர்ந்து களஞ்சென்றாலன்றிப் பம்பைப் பாட்டு முழுமையாகக் கிட்டாது. கைப்பேசியில் பதிந்து உடனே பகிரும் வசதி இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ளது. பகிர்வதற்கு முன் ‘ஐயா, உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பழனியில் பாடிய அப்பெண்ணிடம் கேட்கத் தவறிய வினா அது. அடுத்த ஆடிக் கிருத்திகையில் அதைக் கேட்க நமக்கு வாய்ப்பு உள்ளது.