பரணில் இருந்த தாய்: ஹாரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறும் நம்பகத்தன்மைச் சிக்கலும்

ஹாரியட் ஜேக்கப்ஸ், லிண்டா பிரென்ட் என்னும் புனைபெயரில் எழுதி 1861இல் பாஸ்டனில் வெளியிட்ட ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்வில் நேர்ந்த நிகழ்வுகள்’ என்னும் தன்வரலாறு, நெடுங்காலம் வரலாற்றுச் சான்றாக ஏற்கப்படவில்லை. பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டே அதனை எழுதியவர் எனப் பலர் கருதினர். ஜான் பிளாசிங்கேம் 1972இல் வெளிவந்த தம் ‘அடிமைச் சமூகம்’ நூலில், மிகையுணர்ச்சி மலிந்தது என்று கூறி இதனை நம்பத்தகாததாக ஒதுக்கினார். ஜீன் ஃபேகன் யெலின், ஜேக்கப்ஸின் கடிதங்களைக் கொண்டு நூலாசிரியர் அவரே என 1981இல் நிறுவி, 1987இல் பதிப்பும் கொணர்ந்தார். எழுதியவர் யார் என்னும் வினா தீர்ந்தது. மிகையுணர்ச்சி என்ற குற்றச்சாட்டு எந்த அளவுகோலின்படி எழுந்தது என்பது இன்றும் போதிய அளவு வினவப்படவில்லை.

அவ்வளவுகோல் ஆண்களின் அடிமை வரலாறுகளிலிருந்து பெறப்பட்டது எனலாம். ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதியதைப் போன்ற நூல்களில் கதை வடக்கு நோக்கி நகர்கிறது. ஜேக்கப்ஸோ உடைமையாளரிடமிருந்து தப்பிய பின்னும் ஊரை விட்டு அகலவில்லை. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், பாட்டியின் வீட்டை ஒட்டிய கொட்டகைப் பரணில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தார். அதன் நீளம் 9 அடி, அகலம் 7 அடி. உயரமோ மிகுதியான இடத்திலேயே 3 அடிதான். தாமே இட்ட துளை வழியே தம் இரு பிள்ளைகளையும் பார்த்தார்; அவர்களுடன் பேச இயலவில்லை.

வரலாற்றாசிரியருக்கு இது நாவல்போல் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் இந்நிலையை உருவாக்கியது சட்டமே. தந்தைவழி நிலையைக் கொள்ளும் ஆங்கில மரபை விடுத்து, பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என வர்ஜீனியா 1662இல் விதித்தது; பிற அடிமைக் குடியேற்றங்களும் அவ்விதியையே கொண்டன. எனவே வெள்ளையரான சாமுவேல் சாயர் தாம் பெற்ற பிள்ளைகளையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வாங்கியும் அவர் அவர்களைச் சட்டப்படி விடுவிக்கவில்லை என்பதை ஜேக்கப்ஸ் மறைக்கவில்லை.

அண்மைக்காலத் திறனாய்வு இப்பரணை எதிர்ப்பின் இடமாகப் போற்றுகிறது. அதனை முழுமையாக ஏற்க இயலவில்லை. விடுதலை பெற்று, தின்பண்டங்கள் சுட்டு விற்றுச் சொந்த வீடு தேடிக்கொண்ட பாட்டியே, பிள்ளைகளை விட்டுச் செல்லும் தாயை எவரும் மதியார் என்று பேத்தியைத் தடுத்தவர். பேத்தியை அப்பரணில் இருத்தியதில் உடைமையாளரின் தேடுதலுக்கு உள்ள பங்கு பாட்டியின் அச்சொல்லுக்கும் உண்டு.