வாயைப் பார்த்து வாங்கும் மீன்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வண்ணமீன் கடைக்குப் போகிறவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார், பிறகு விலையைக் கேட்கிறார். வளர்ந்தபின் அது என்ன தின்னும், எவ்வளவு தின்னும் என்று கேட்பவர் குறைவு. சென்னை கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பையில் வந்திறங்கும்போது ஆஸ்கார் குஞ்சும் டேங்க் கிளீனரும் விரல் நீளம்தானே! ஆனால் மீனைத் தேர்வதும் தீனி போடுவதும் இரண்டு வேலை அல்ல. முழு வளர்ச்சியில் அந்த வாய்க்கு நம்மால் போட்டுக் கட்டுப்படியாகுமா என்பதுதான் தேர்வு. இலங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். அங்கே கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்களில் பலர் ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பதற்காகவே வளர்க்கிறார்கள். நன்னீர் வண்ணமீன் ஏற்றுமதியில் கப்பிக்குத்தான் முக்கிய இடம். தீனிச் செலவு கையைக் கடித்தால் தொழிலே போச்சு என்பதால், சில மாதத்தில் விலைபோகும் சின்ன வாய்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். நம் ஊரில் வாங்குகிறவர் கணக்குப் பார்ப்பதில்லை. விற்கிறவரின் கணக்கோ பையைக் கட்டிக் கொடுத்ததோடு முடிகிறது.

குட்டைத் தீனியில் இரு கரையும் ஒரே வழிதான், மண்தான் வேறு. இலங்கையில் தவிட்டோடு தேங்காய்ப் புண்ணாக்கு சேர்கிறது. நிலக்கடலை விளையும் திண்டிவனம் வட்டாரத்தில் கடலைப் புண்ணாக்கு. கட்லா, ரோகு, கோய் போன்ற கெண்டை இனங்களுக்கு இது போதும், பூசணம் பிடிக்காமல் இருக்கும்வரை. ஈரத்தில் கிடந்து பூத்த கடலைப் புண்ணாக்கில் உண்டாகும் அஃப்ளடாக்சின் மீனின் ஈரலைக் கெடுக்கும். மாட்டுக்கு ஆகாததை மீனுக்குப் போடும் பழக்கம் நிற்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் ஆபத்து வேறு மாதிரி: இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீராத தீனி அடியில் அழுகி அம்மோனியாவாகிறது. சித்திரை வெயிலில் சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பசி என்று நினைத்து இன்னொரு பிடி போடுகிறவர்களும் உண்டு. கோயில் குளத்தில் பொரி போடுவதும் இதே கதை, புண்ணியம் மட்டும் கூடுதல்.

இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தப்பும் இடம் டேங்க் கிளீனர். பாசியைத் தின்று கண்ணாடியைத் துடைக்கும், தனித் தீனி வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் இந்தத் தென்னமெரிக்க மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். கண்ணாடியில் படியும் பாசி அதற்கு எந்த மூலைக்கு? பட்டினி கிடந்தால் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சிப் புண்ணாக்கும். அப்புறம் வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் ஏரியில் விடுகிறார். விடாவிட்டாலும் மழை விட்டுவிடும்: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியது. ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாகத் தொடுத்துக் கிடக்கும் இந்த மாவட்டத்தில், கொல்லைக் குட்டை நிரம்பி வழிந்தால் அதிலிருந்த மீன் வீடூர் அணைக்கோ கழுவேலிக்கோ போய்ச் சேர வழி இருக்கிறது.

இதற்குச் சட்டம் போதாதா என்று கேட்கலாம். மீன் காட்சியகங்களுக்கும் வண்ணமீன் கடைகளுக்குமாக 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. இலங்கையிலோ உயிர்மீன் ஏற்றுமதி, இறக்குமதிக்கு 1998 முதலே விதி உண்டு. ஆனாலும் தொட்டிக்கென வந்த, மற்ற மீன்களைத் தின்று மூன்றடி வரை வளரக்கூடிய கிளவுன் நைஃப் ஃபிஷ் மேற்கு மாகாண நீர்நிலைகளில் பரவிவிட்டது. துறைமுகத்தில் நிற்கும் விதி வீட்டுத் தொட்டிவரை வருவதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஜிலேபிக் கெண்டையும் வெளியூர் மீன்தான். 1952-இல் இலங்கையிலிருந்துதான் மண்டபத்துக்கு வந்தது. இன்று இலங்கையில் குளத்து மீன்பிடிக்கே அதுதான் ஆதாரம், இங்கே ஏழைக் குழம்பு மீன். அப்படியிருக்க வெளிமீன் என்றாலே ஏன் பதற வேண்டும்? நம் ஏரிகளில் கெண்டைக்குஞ்சுகளின் இடத்தை ஜிலேபி பிடித்துக்கொண்டது என்ற குறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அதைப் பிடிக்க ஆள் இருக்கிறது, தின்ன ஆள் இருக்கிறது. முள்ளும் கவசமுமாக வலையைக் கிழிக்கும் டேங்க் கிளீனரை இங்கே யாரும் சமைப்பதில்லை, கரையில் வீசுகிறார்கள்.

கப்பியும் வெளிமீன்தான், மறுக்கவில்லை. ஆனால் கொசுப்புழுவுக்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடப்பட்டு நூறாண்டுக்கு மேலாக இங்கே இருக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீரைத் தாங்கும். ஒரு சிட்டிகைத் தூள்தீனியில் ஒரு தொட்டியே அடங்கும். மென்னீர் ஓடையில் பிறந்த இலங்கையின் செர்ரி பார்ப், பண்ணையில் பிறந்ததானாலும், அதே தண்ணீரில் சிரமப்படும். வெளியே வழியும் குட்டை என்றால் கப்பியும் வேண்டாம். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் அப்லோகைலஸ் இருக்கிறது. இரு நாட்டு ஓடைகளுக்கும் சொந்தம், அதன் தீனியைக் கொசுவே வந்து முட்டையிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறது.