பால்ரஸ் குண்டா, சீல்டு பேரிங்கா?

சைக்கிளை மிதிக்கும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால் அரியலூர்ப் பக்கம் பழி சிமெண்ட் ஆலைச் சுண்ணாம்புக்கல் புழுதி மேல்தான் விழும். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் போனவர்கள் வேறெதை நினைப்பார்கள்? ஆனால் கணக்கு இடிக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3. பதமேற்றிய எஃகை அது கீறாது. கீறுவது 7 கடினமுள்ள குவார்ட்ஸ், அதாவது சாதாரண மணல். அதோடு கூட்டுச் சேர்வது தண்ணீர். சீட் குழாய் வழியே இறங்கும் மழைநீர் நேராகப் பெடல் அச்சின் கூட்டில்தான் போய் நிற்கிறது.

இதனால்தான் பலர் சீல்டு பேரிங் போடச் சொல்கிறார்கள். வலுவான வாதம்தான். ரப்பர் சீல் மணலைத் தடுக்கும், டைட் வைக்கும் வேலையே இல்லை. பள்ளி மரத்தடியில் ஐப்பசி முழுக்க நனையும் சைக்கிளை யார் ஓவராயில் செய்யப்போகிறார்கள்?

ஆனால் பழைய கறுப்பு சைக்கிளின் கிராங்க் காட்டர் பின்னில் நிற்பது. சீல்டு செட்டின் அச்சு முனையோ சதுரம். அதைப் போட்டால் கிராங்க், பல்சக்கரம் எல்லாம் மாற வேண்டும். கழற்ற புல்லர் வேண்டும். தேய்ந்தால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டும். குன்னத்திலோ செந்துறையிலோ சுத்தியலும் ஸ்பேனரும் வைத்திருக்கும் கடைக்காரரால் காப்பாற்ற முடிவது குண்டு செட்டைத்தான். அதைச் சரியாகச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் இல்லை. காட்டர் பின்னை அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அடி முழுக்கக் குண்டு வழியாக அது உருளும் கப்பில் இறங்கிக் குழி விழும். வலப்பக்கக் கப்புக்கு இடது மரை. தெரியாமல் வழக்கம்போல் திருகினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம், பிறகு உளி வரும், ஃபிரேமின் மரையே போகும். பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11. இரண்டு தேய்ந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுவதே முறை. பழசும் புதுசும் கலந்தால் பாரம் புதுசின் மேல் மட்டும் விழும். கூண்டு வைத்த செட் மாட்டச் சுலபம், ஆனால் குண்டு குறைவு. நான் உதிரிக் குண்டுதான் கேட்பேன். கூட்டுத் துளையில் எப்போதோ ஒருமுறை எண்ணெய் விடுவதும் கெடுதல்: கிரீஸைக் கரைத்து மணலை உள்ளே இழுத்துப் போகும்.

ஆகவே காட்டர் பின் சைக்கிளுக்குக் குண்டு செட்டே சரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு உருளும் தடத்தைப் பார்க்க வேண்டும். வழவழவென்று மின்னினால் கப்பை விட்டுவிடலாம். பொரிந்திருந்தால் கப், அச்சு இரண்டையும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே சதுர அச்சு உள்ள கியர் சைக்கிளானால் தயங்காமல் சீல்டு பேரிங் போடலாம், மரை கெடாமல் இருந்தால்.